ஆளுமைக் கோட்பாடுகளை ஆலோசனை அறையில் பயன்படுத்துவது எப்படி: படிப்படியாக ஒரு வழிகாட்டி

கவுன்சலிங்குக்கு வருகிறவர்கள் பல பேர் ஏதாவது ஒரு கோட்பாட்டை வாயிலேயே வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். “எனக்குத் தாழ்வு மனப்பான்மை மேடம்” என்பார்கள். “என் வீட்டுக்காரருக்கு ஈகோ ஜாஸ்தி” என்பார்கள். “நான் இன்ட்ரோவர்ட், அதான்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். முதல் சொல் உளவியலாளர் ஆட்லரிடமிருந்து வந்தது, இரண்டாவது உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டிடமிருந்து, மூன்றாவதை உலகம் முழுக்கப் பரப்பியது மனநல மருத்துவர் யுங் 1921இல் எழுதிய ‘உளவியல் வகைகள்’ என்ற நூல். வியன்னாவிலும் சூரிச்சிலும் கிளம்பிய சொற்கள் நம் ஊர் டீக்கடை வரை வந்துவிட்டன, ஆனால் வழியில் அர்த்தம் மாறிவிட்டது. ஃப்ராய்ட் ஜெர்மன் மொழியில் எழுதியது ‘நான்’ என்கிற சாதாரணச் சொல்தான். ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்கள் அதை லத்தீனில் ஈகோ ஆக்கினார்கள், நாம் அதைத் திமிர் ஆக்கிவிட்டோம்.

எம்.எஸ்.டபிள்யூ., எம்.எஸ்சி. உளவியல் படிக்கிறவர்களுக்கும், பள்ளி கல்லூரிகளில் புதிதாக ஆலோசகர் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் ஃப்ராய்டுக்கு ஒரு அத்தியாயம், ரோஜர்ஸுக்கு ஒரு அத்தியாயம், கடைசியில் நிறை குறை என்று இருக்கும், பரீட்சைக்கு அது போதும். எதிரே ஒருவர் உட்கார்ந்து அழும்போது எந்த அத்தியாயத்தைத் திறப்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. நான் கடைப்பிடிக்கிற வரிசையைச் சொல்கிறேன். அதற்கு அடியில் இருக்கிற நம்பிக்கை ஒன்றுதான்: என்ன கேட்பது என்பதைத்தான் கோட்பாட்டிடம் கற்க வேண்டும், பதிலை எதிரே இருப்பவரிடமிருந்து வாங்க வேண்டும். பதிலையும் கோட்பாட்டிலிருந்தே எடுத்துக்கொள்வதானால் அவர் எதற்காக வந்து உட்கார வேண்டும்?

ஒரு உதாரணத்தைக் கடைசிவரை கூடவே கூட்டிப்போகிறேன். இது ஒரு தனி ஆளின் கதை இல்லை, பல பேரிடம் கேட்டதைச் சேர்த்துப் பின்னியது. இருபது வயதுப் பெண், பொறியியல் இரண்டாம் ஆண்டு, வீட்டில் முதல் பட்டதாரி. பிளஸ் டூ வரை தமிழ் வழி. மூன்று அரியர். வைவாவில் கேள்வி கேட்டால் தெரிந்த பதில்கூட வாயில் வருவதில்லை. உள்ளே வந்து உட்கார்ந்ததும் சொன்னது: “எனக்குத் தாழ்வு மனப்பான்மை மேடம், அதைச் சரி பண்ணணும்.”

முதல் படி: அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நாளைக் கேளுங்கள்

“அப்படியெல்லாம் உனக்கு இல்லம்மா” என்று மறுக்கவும் வேண்டாம், “ஆமா, அதைச் சரிபண்ணிடலாம்” என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். “கடைசியா எப்ப அப்படி இருந்துச்சு? அந்த நாளைக் காலையிலேர்ந்து சொல்லு” என்று கேளுங்கள். மனப்பான்மை என்கிற பெரிய சொல் அப்போது ஒரு செவ்வாய்க்கிழமையாகச் சுருங்கும், அதில் ஒரு லேப் இருக்கும், ஒரு பேராசிரியர் இருப்பார், கை வியர்த்த ஒரு நிமிடம் இருக்கும். வேலை செய்ய நமக்கு அதுதான் வேண்டும்.

ஆட்லர் இங்கே முக்கியமான ஒரு பிரிவைச் சொல்லியிருக்கிறார். தாழ்வு உணர்ச்சி எல்லாருக்கும் உண்டு. குழந்தை பெரியவர்கள் நடுவில் சின்ன உடம்போடு வளர்கிறது, ஏற வேண்டும், வளர வேண்டும் என்கிற உந்துதலே அதிலிருந்துதான் வருகிறது. அந்த உணர்ச்சியில் ஒருவர் முடங்கி, “எனக்கு இப்படி இருக்கு, அதனால நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்” என்று வாழ்க்கையின் வேலைகளிலிருந்து ஒதுங்க ஆரம்பித்தால்தான் அதை அவர் சிக்கல் என்றார். ஆகவே முதல் சந்திப்பில் நான் தெரிந்துகொள்ளப் பார்ப்பது, அந்த உணர்வு இருக்கிறதா என்பதை அல்ல, அதனால் இவர் எதை எதையெல்லாம் விட்டுவிட்டார் என்பதை.

கோட்பாடுகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுக் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தூக்கம், சாப்பாடு, உடம்பு எப்படி, இரத்தசோகையோ தைராய்டு பிரச்சினையோ இருக்குமா, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா. கடைசிக் கேள்வியை நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், கேட்டதும் பலருக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். ஆபத்து தெரிந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புவதுதான் அன்றைய வேலை. டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926 ஆகிய உதவி எண்களைக் கையில் எழுதிக் கொடுங்கள்.

இரண்டாம் படி: ரோஜர்ஸ், அதாவது உட்காரும் விதம்

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸை ஒரு ‘டெக்னிக்’ என்று படித்தவர்கள், வந்தவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். “கஷ்டமா இருக்கு” என்றால் “உங்களுக்குக் கஷ்டமா இருக்கு”. நம் ஊரில் இதைக் கேட்டால் ஆள் எழுந்து போய்விடுவார். 1957இல் அவர் எழுதிய கட்டுரையில் கேட்பது வேறு: ஆலோசகர் வேஷம் இல்லாமல் இருக்க வேண்டும், வந்தவரை நிபந்தனையில்லாமல் ஏற்க வேண்டும், அவருடைய உலகத்தை உள்ளிருந்து புரிந்துகொள்ள வேண்டும், இதெல்லாம் அவருக்குக் கொஞ்சமாவது போய்ச் சேரவும் வேண்டும்.

இதற்குப் பின்னால் ஒரு ஆளுமைக் கோட்பாடு இருக்கிறது, அதை விட்டுவிட்டு நடத்தையை மட்டும் எடுத்துக்கொண்டால் எதற்காக இப்படி உட்காருகிறோம் என்பதே மறந்துபோகும். குழந்தைக்கு அன்பு நிபந்தனையோடு கிடைக்கும்போது, அந்த நிபந்தனைகளையே அது தன் மதிப்புக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது என்பது ரோஜர்ஸின் வாதம். மார்க் வாங்கினால் செல்லம், எதிர்த்துப் பேசாவிட்டால் நல்ல பெண். அளவுகோலுக்குப் பொருந்தாத அனுபவத்தை, அது தன்னுடைய கோபமாகவே இருந்தாலும், பார்க்காமல் தள்ளிவிடுவோம். நிபந்தனை இல்லாத ஒரு அறை கிடைத்தால் தள்ளிவைத்தது மெதுவாக வெளியே வரும். அதனால்தான் “இத்தனை அரியரா?” என்று புருவம் உயர்த்தாமல் இருப்பது வெறும் நாகரிகம் இல்லை, அதுவே வைத்தியம்.

நம்மிடம் வருகிறவர்கள் ஆலோசனை கேட்டுத்தான் வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஆற்றுப்படுத்துதல்’ என்று கவுன்சலிங்குக்கு ஒரு பெயர் வழங்குகிறது, நல்ல சொல். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் இருக்கும் இன்னொரு பாணனுக்குத் தான் போன வழியைச் சொல்வதுதான் ஆற்றுப்படை. அதாவது நம் மரபில் வழி சொல்கிறவர் அந்த வழியில் போய் வந்தவர். மனநல மருத்துவர் ஜே. எஸ். நெக்கி 1973இல் குரு-சீடர் உறவை உளசிகிச்சைக்கு ஒரு மாதிரியாக வைத்து எழுதியதும், இந்தியாவில் வருகிறவர்கள் ஆலோசகரிடம் எதிர்பார்ப்பது வேறு என்பதைப் பார்த்ததால்தான். “நான் அட்வைஸ் சொல்லமாட்டேன், நீதான் கண்டுபிடிக்கணும்” என்று முதல் நாளே கறாராகச் சொன்னால் அவளுக்கு அது கைவிட்ட மாதிரி. நான் சொல்வது இப்படி: “வழி இருக்கான்னு சேர்ந்து பார்ப்போம். உன்னைப் பத்தி எனக்கு இன்னும் தெரியாதுல்ல, ரெண்டு மூணு வாரம் கொடு.” படிப்புக்கான உதவித்தொகை, மறுதேர்வு விதி மாதிரி நேரடித் தகவல்களை மட்டும் உடனே சொல்லிவிடுவேன், அதில் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை.

சின்ன விஷயம் ஒன்று. மாணவர்களை ‘நீங்க’ என்று கூப்பிடுவதா ‘நீ’ என்பதா? ‘வாங்க, சொல்லுங்க’ என்றால் சில பெண்கள் மிரண்டுபோகிறார்கள், ஏதோ ஆபீஸ் விசாரணை மாதிரி. ‘நீ’ என்றால் சில பையன்களுக்கு வாத்தியார் ஞாபகம் வருகிறது. கேட்டுவிடுங்கள். அவள் “நீன்னே சொல்லுங்க மேடம்” என்றாள்.

மூன்றாம் படி: முதல் ஞாபகம்

இரண்டாவது அல்லது மூன்றாவது சந்திப்பில் ஆட்லரின் பழைய கருவியை எடுப்பேன். செய்முறை எளிது. எட்டு வயதுக்கு முந்தைய ஏதாவது ஒரு ஞாபகத்தைக் கேளுங்கள். அது ஒரு தடவை நடந்த சம்பவமாக இருக்க வேண்டும். “சின்ன வயசுல லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போவோம்” என்பது பொதுத் தகவல், சேராது. “ஒரு நாள்…” என்று ஆரம்பிக்க வேண்டும். அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்ததும் இரண்டே கேள்வி: இதில் எந்தக் காட்சி கண்ணுக்குள் நிற்கிறது? அப்போது என்ன தோன்றியது? மூன்று நான்கு ஞாபகம் வரை வாங்கலாம். நடந்தது அப்படியே நடந்ததா என்பது ஆட்லருக்கு முக்கியமில்லை. ஆயிரம் நாளில் இந்த ஒரு நாளை மனசு ஏன் பத்திரப்படுத்தியது என்பதுதான் அவருடைய கேள்வி, இன்றைக்கு அவர் வாழும் விதத்துக்குப் பொருந்துகிற ஞாபகத்தைத்தான் மனிதர் வைத்துக்கொள்கிறார் என்று அவர் நினைத்தார்.

அவள் சொன்னது: “ஒண்ணாங்கிளாஸ் ஆண்டு விழா. மேடையில பாட்டு மறந்துபோச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பா வந்து தூக்கிட்டுப் போயிட்டாரு. பன்னு வாங்கித் தந்தாரு.”

இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்கும் அதேதான் தோன்றும்: மேடை, சிரிப்பு, அவமானம், அதனால்தான் இன்று வைவாவில் வாய் கட்டிக்கொள்கிறது. அழகாகப் பொருந்துகிறது, ஆனால் தப்பு. எந்தக் காட்சி நிற்கிறது என்று கேட்டபோது அவள் மேடையைச் சொல்லவில்லை. “அப்பா சட்டையில சிமெண்டு இருந்துச்சு மேடம். பாதி வேலையில வந்துட்டாரு. அன்னைக்கு அவருக்குக் கூலி போச்சு.” சிரித்தவர்கள் முகம் அவளுக்கு ஞாபகமே இல்லை.

எந்தக் காட்சி நிற்கிறது என்ற கேள்வியைக் கேட்காமல் விளக்கத்தை நாமே சொல்லியிருந்தால் அவள் தலையை ஆட்டியிருப்பாள், பெரியவர்கள் சொன்னால் ஆட்டத்தான் செய்வார்கள். அதற்கப்புறம் பத்து வாரம் மேடைக் கூச்சத்துக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம்.

ஆட்லரிடமிருந்து எடுக்கக்கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூத்தவர் இப்படி, கடைக்குட்டி அப்படி என்று பிறப்பு வரிசையை வைத்துக் குணம் சொல்வது. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து 2015இல் வந்த ஆய்வு, ஆளுமைப் பண்புகளில் பிறப்பு வரிசையின் பாதிப்பு கிட்டத்தட்ட இல்லை என்று காட்டியது. வீட்டில் அவர் எந்த இடத்தில் நின்றார், என்ன பொறுப்பு அவர் தலையில் விழுந்தது என்று கேளுங்கள். எத்தனையாவது பிள்ளை என்பதிலிருந்து முடிவுக்குப் போகாதீர்கள்.

நான்காம் படி: ஜார்ஜ் கெல்லியின் மூன்று பெயர்கள்

என்னைக் கேட்டால் இந்தப் படிதான் எல்லாவற்றிலும் பெரியது, பாடத்திட்டத்தில் இவருக்குத்தான் இரண்டு பக்கம் ஒதுக்குகிறார்கள். 1930களில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், வறட்சியும் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து அடித்த காலத்தில், கெல்லி ஊர் ஊராகப் போகும் ஒரு உளவியல் கிளினிக்கை நடத்தினார். முதலில் ஃப்ராய்டின் விளக்கங்களைத்தான் விவசாயக் குடும்பங்களுக்குச் சொன்னார், சிலருக்கு நன்மை தெரிந்தது. அப்புறம் தானாகவே ஒரு விளக்கத்தை இட்டுக்கட்டிச் சொல்லிப் பார்த்தார், அதிலும் ஆட்கள் முன்னேறினார்கள். அந்த விளக்கம் அவர்கள் கண்ட உண்மைகளுக்குப் பொருந்தி, நாளைக்கு வேறு விதமாக ஏதாவது செய்ய வழி திறந்தால் போதும் என்று கண்டுகொண்டார். 1955இல் அவர் வெளியிட்ட கோட்பாட்டின் சாரம் இது: ஒவ்வொரு மனிதரும் ஒரு விஞ்ஞானி மாதிரி, தனக்கென்று சில அளவுகோல்களைச் செய்து வைத்துக்கொண்டு உலகத்தை முன்கூட்டிக் கணிக்கிறார். ஒவ்வொரு அளவுகோலுக்கும் இரண்டு முனை இருக்கும். அகராதியில் இருக்கிற எதிர்ச்சொல் இல்லை அந்த இரண்டாவது முனை, அவருடைய சொந்த எதிர்ச்சொல்.

செய்யும் முறை. அவருக்கு முக்கியமான எட்டு பத்து பேரைச் சிறு சீட்டுகளில் எழுதச் சொல்லுங்கள்: அம்மா, அப்பா, பிடித்த ஆசிரியர், பிடிக்காத ஆள், தோழி, ‘இப்போதைய நான்’, ‘ஆக விரும்பும் நான்’. மூன்று மூன்று சீட்டாக எடுத்து முன்னால் வைத்து, “இதுல ரெண்டு பேர் ஏதோ ஒரு விதத்துல ஒரே மாதிரி, மூணாவது ஆள் வேற மாதிரி. அது என்ன?” என்று கேளுங்கள். சொன்னதை எழுதிக்கொண்டு, “அப்ப மூணாவது ஆள் எப்படி?” என்று இரண்டாவது முனையையும் வாங்குங்கள். அவசரப்படுத்தாதீர்கள். உதவி செய்கிறேன் என்று சொல் எடுத்துக்கொடுக்காதீர்கள், அதுதான் எல்லாரும் செய்கிற தவறு. ஆறேழு சுற்றில் ஒரே அளவுகோல் வேறு வேறு உடையில் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள்.

அவள் முன்னால் அம்மா, அக்கா, வகுப்பில் நன்றாகப் பேசும் ஒரு தோழி என்று மூன்று சீட்டு. நான் எதிர்பார்த்தது ‘பேசுகிறவர் – பேசாதவர்’. அவள் சொன்னது: “அம்மாவும் அக்காவும் யாருக்கும் பாரமில்லாதவங்க.” அப்ப தோழி? “அவ டவுட்டு கேட்டுட்டே இருப்பா, எல்லார் நேரத்தையும் எடுத்துக்குவா.”

அந்த நிமிடத்தில் எல்லாம் இடம் மாறிவிடுகிறது. இவள் அகராதியில் பேசுவதற்கு எதிர்ச்சொல் கூச்சம் இல்லை, ‘பாரமில்லாமல் இருப்பது’. அப்படிப்பட்டவளிடம் போய் “தைரியமா பேசு, பப்ளிக் ஸ்பீக்கிங் கிளாஸ் போ” என்றால், அவள் காதில் விழுவது “நீ எல்லாருக்கும் பாரமா மாறு” என்பதுதான். ஏன் மாறமாட்டேன் என்கிறாள் என்று நாம் சலித்துக்கொள்வோம், அவளோ தன்னுடைய நல்ல முனையை விட்டுவிடாமல் காப்பாற்றிக்கொண்டிருப்பாள். மாற்றத்துக்கு இணங்காதவர் என்று யாரையாவது எழுதி வைக்கும் முன் அவருடைய இரண்டாவது முனை என்ன என்று கேட்டோமா என்று பாருங்கள்.

கெல்லியின் இன்னொரு பயிற்சியும் நம் மொழியில் நன்றாக வேலை செய்கிறது. தன்னை நெருக்கமாகத் தெரிந்த, தன் மேல் அக்கறையுள்ள ஒரு நண்பர் எழுதுவது போல, படர்க்கையில், தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்வது. ‘நான்’ என்று எழுதினால் குற்றப்பத்திரிகையாக வரும். ‘அவள்’ என்று எழுதினால் பரிவும் கூட வரும். தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஆங்கில வழியில் படிக்கிறவர்கள்கூட வீட்டுப் பேச்சில் எழுதும்போதுதான் உண்மையான சொற்கள் இறங்குகின்றன.

ஐந்தாம் படி: டெஸ்ட் கொடுப்பதா?

கொடுக்கலாம், கட்டாயமில்லை. கொடுத்தால் ஐந்து பெரும் பண்புகளை அளக்கும் வினாத்தாள்தான் இன்றைக்கு ஆதாரம் உள்ளது: புதியதை ஏற்கும் திறந்த மனம், பொறுப்புணர்வு, புறமுக இயல்பு, இணக்கம், உணர்ச்சித் தடுமாற்றம். இது ஒரு மேதையின் மூளையில் உதித்ததில்லை. 1936இல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரை விவரிக்கும் சுமார் 18,000 சொற்களைத் திரட்டினார்கள், அதை ரேமண்ட் கேட்டெல் என்ற உளவியலாளர் முதல் பலர் பல பத்தாண்டுகள் சலித்துச் சலித்து வந்தது. ஆங்கிலச் சொற்களிலிருந்து தொடங்கியது என்பதை மறக்காதீர்கள். மொழிபெயர்த்த வினாத்தாள் என்றால், நம் மக்களிடம் எடுத்த ஒப்பீட்டு அளவு அதற்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். “நான் மற்றவர்களோடு ஒத்துப்போவேன்” என்ற வரிக்கு ஒரு மருமகள் போடும் டிக்கும் அவளுடைய மாமனார் போடும் டிக்கும் ஒன்றா?

மதிப்பெண்ணை வாசித்துக் காட்டாதீர்கள், ஒரு கேள்வியாகத் திருப்பிக் கொடுங்கள். “பொறுப்புணர்வு ரொம்ப அதிகமா வந்திருக்கு. இது எங்கே உனக்கு உதவுது, எங்கே கழுத்தைப் பிடிக்குது?” பண்பு என்றால் பிறவிக் குணம், மாறாது என்ற எண்ணத்தையும் விடுங்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது பழமொழி. ஆனால் 207 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு அலசல், சிகிச்சையால் ஆளுமைப் பண்புகள் சில மாதங்களிலேயே நகர்கின்றன என்றும், அதிகமாக நகர்வது உணர்ச்சித் தடுமாற்றம்தான் என்றும் சொன்னது. இதை வருகிறவர்களிடம் சொல்லலாம், நான் சொல்கிறேன்.

பதினாறு வகையில் ஒன்றில் ஆளை அடைக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் டெஸ்டைக் கவுன்சலிங்கில் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு தாயும் மகளும் யுங்கைப் படித்து ஆர்வத்தோடு உருவாக்கியது அது. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு வகையே மாறிவிடுகிறது. “ஆனா எனக்கு அப்படியே பொருந்துதே மேடம்” என்பார்கள். 1948இல் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு டெஸ்ட் வைத்து, ‘உனக்கே உனக்கான விவரம்’ என்று ஒவ்வொருவருக்கும் தாள் கொடுத்தார். ஐந்துக்குச் சராசரியாக 4.26 போட்டார்கள், அவ்வளவு பொருத்தமாம். எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள், வரிகளைப் பெரும்பாலும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். பொருந்துகிறது என்ற உணர்ச்சி ஆதாரம் ஆகாது. நாம் சொல்லும் விளக்கத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஆறாம் படி: ‘அப்படி இருந்தால் இப்படி’ நோட்டு

உளவியலாளர் வால்டர் மிஷெல் 1968இல் எழுதிய நூல் ஆளுமை உளவியலையே உலுக்கியது. பண்பு வினாத்தாளில் வாங்கும் மதிப்பெண்ணுக்கும், ஒரு குறிப்பிட்ட சூழலில் அந்த ஆள் நடந்துகொள்வதற்கும் உள்ள தொடர்பு (முழுப் பொருத்தம் என்றால் 1) பெரும்பாலும் 0.3ஐத் தாண்டுவதில்லை என்று காட்டினார். அப்படியென்றால் குணம் என்று ஒன்றே இல்லையா? பின்னால் ஷோடா என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து ஒரு கோடை முகாமில் குழந்தைகளைக் கவனித்தபோது விடை கிடைத்தது. ஒருவன் சக பிள்ளைகள் சீண்டினால் அடிப்பான், பெரியவர்கள் கண்டித்தால் அடங்குவான். இன்னொருவன் நேர்மாறு. இந்த ‘இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்’ என்ற கோலம்தான் ஆளுக்கு ஆள் நிலையாக இருந்தது.

ஒரு நோட்டில் இரண்டு வாரத்துக்கு மூன்று நெடுவரிசை போடச் சொல்லுங்கள்: எங்கே யாரோடு இருந்தேன், என்ன செய்தேன், அப்போது மனசில் ஓடிய வாசகம். வாய் அடைத்த நேரங்களை மட்டும் இல்லை, பேசிய நேரங்களையும் எழுத வேண்டும். அதுதான் இதில் உயிர்.

அவள் நோட்டில், ஹாஸ்டல் மெஸ்ஸில் சத்தமாகக் கிண்டல் செய்கிறாள், லீவில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறாள், பஸ்ஸில் சில்லறைக்கு கண்டக்டரோடு வாதாடுகிறாள். வாய் அடைப்பது எதிரே ஒருவர் தனக்காகக் காத்திருக்கும்போது மட்டும். மனசில் ஓடிய வாசகம் ஏழு இடத்தில் ஒன்றே: ‘என்னால இவங்களுக்கு லேட்டாகுது’. இவளையா இன்ட்ரோவர்ட் என்பது?

ஏழாம் படி: அரைப் பக்கம் எழுதி அவர் கையில் கொடுங்கள்

இதுவரை சேர்ந்ததை அரைப் பக்கத்துக்குள் எழுதுங்கள். கோட்பாட்டுச் சொல் ஒன்றுகூட அதில் வரக்கூடாது, அவர் பேசிய சொற்கள்தான் வர வேண்டும். ‘உன் வீட்டில் ஒவ்வொருவருடைய நேரமும் கூலி. பாரமாக இருக்கக்கூடாது என்று சின்ன வயதிலேயே முடிவு செய்தாய், அது உன்னை நல்ல மகளாக வைத்திருக்கிறது. யாராவது உனக்காக நிற்கும்போது அந்த முடிவு வந்து வாயை மூடுகிறது. கேட்காததால் புரிவதில்லை, புரியாததால் அரியர், அரியர் வந்தால் வீட்டுக்கு இன்னும் பாரம்.’ வாசித்துவிட்டு, “இதுல எது தப்பு?” என்று கேளுங்கள். “சரியா?” என்று கேட்டால் சரி என்றுதான் வரும். அவள் பேனாவை வாங்கி, ‘நல்ல மகளாக’ என்பதை அடித்துவிட்டு ‘வீட்டை ஞாபகத்தில் வைத்திருக்கிறவளாக’ என்று எழுதினாள். அதுதான் சரியான வாக்கியம், எனக்கு அது தோன்றியிருக்காது.

இதே கட்டத்தில் உங்களையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இங்கேதான் எனக்கு ஃப்ராய்ட் தேவைப்படுகிறார். வருகிறவர் தன் பழைய உறவுகளின் சாயலை ஆலோசகர் மேல் ஏற்றிப் பார்ப்பார் என்றும், ஆலோசகருக்குள்ளும் அது நடக்கும் என்றும் அவர் சொன்னார். அவள் என் நேரம் வீணாகிறதென்று பத்து நிமிடம் முன்னாலேயே எழுந்து கிளம்புவது முதல் வகை. வீட்டில் முதல் பட்டதாரியாக வந்த எனக்கு அவளை எப்படியாவது பாஸ் பண்ண வைத்துவிட வேண்டும் என்று துடிப்பது இரண்டாவது வகை. முதலாவதை அவளிடமே மென்மையாகப் பேசலாம். இரண்டாவதை மேற்பார்வையாளரிடமோ மூத்த சகாவிடமோ பேச வேண்டும், அவள் தலையில் வைக்கக்கூடாது.

எட்டாம் படி: பந்தூரா, செய்து பார்க்கும் இடம்

புரிந்துகொண்டால் மட்டும் வைவாவில் பேச்சு வந்துவிடாது. உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா 1977இல் முன்வைத்த ‘என்னால் இதைச் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கை, அதாவது செயல்திறன் நம்பிக்கை, நான்கு வழியில் வளரும்: தானே செய்து ஜெயிப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நம்பத்தகுந்தவர் சொல்வது, உடம்பின் படபடப்பை வேறு விதமாகப் புரிந்துகொள்வது. இருப்பதில் வலுவானது முதலாவது, நாம் அதிகம் செலவழிப்பதோ மூன்றாவதில். “உன்னால முடியும்மா!” என்று எத்தனை தடவை சொன்னாலும் ஒரு சின்ன வெற்றிக்கு ஈடாகாது.

ஆகவே ஏணி போடுங்கள், ஆனால் எந்தச் சுவரில் சாய்க்கிறீர்கள் என்பதை ஏழாம் படி முடிவு செய்யட்டும். மேடைப் பேச்சு ஏணி இவளுக்கு வேண்டாம். இவளுக்கு வேண்டியது மற்றவர் நேரத்தைக் கேட்டு வாங்கும் ஏணி. முதல் படி, தோழியிடம் ஒரு கணக்கை இரண்டாம் தடவை விளக்கச் சொல்வது. அடுத்தது லேப் அசிஸ்டென்ட்டிடம் ஒரு சந்தேகம். அப்புறம் பேராசிரியர் அறை வாசலில் நின்று “சார், ரெண்டு நிமிஷம் கிடைக்குமா?” ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கணிப்பை எழுத வேண்டும், ‘எரிச்சல்படுவார்’ என்று. முடிந்தபின் நடந்ததை எழுத வேண்டும். இது கெல்லி சொன்ன விஞ்ஞானியின் வேலைதான். ஒரு படியில் சறுக்கினால் ஏணி உயரம் என்று அர்த்தம், நடுவில் இன்னொரு படி வையுங்கள்.

தன்னைப் போன்றவரைப் பார்ப்பதற்கு, தமிழ் வழியில் படித்து இப்போது கடைசி வருடத்தில் இருக்கும் ஒரு மாணவியோடு பேச ஏற்பாடு செய்யலாம். வைவா நேரத்துப் படபடப்பைக் குறைக்க மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கலாம், அதற்கு மேல் அதில் நேரம் போக்க வேண்டாம்.

ஏணி போட்ட நான்காவது வாரம் நோட்டைக் கொண்டுவந்தாள். பேராசிரியர் அறை என்ற வரிக்கு நேராக, கணிப்பு: ‘அப்புறம் வான்னு சொல்லுவாரு.’ நடந்தது: ‘உட்காரச் சொன்னாரு. இருபது நிமிஷம் ஆயிடுச்சு. நான் எழுந்திரிக்கல.’